கண்டக்டர் மாதவராஜின் நாக்கு

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு வழியாகத் தருமபுரி போகும் தனியார் பஸ் ஒன்றில் மாதவராஜ் கண்டக்டராக இருந்தார். பஸ் தெருமுனை திரும்புவதற்கு முன்னாலேயே அவர் குரல் வந்துவிடும். "தருமபுரி, தருமபுரி" என்று கத்தும்போது கடைசி எழுத்தை மேலே இழுத்து அங்கேயே நிறுத்துவார். அதைக் கேட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தவர்களில் நானும் ஒருவன். எவ்வளவு கூட்டத்திலும் யாரையும் இடிக்காமல் பின்படிக்கும் முன்படிக்கும் போய்வருவார். சில்லறைத் தகராறு வந்தால் அவர்தான் முதலில் விட்டுக்கொடுப்பார். ஊரில் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் தக்காளி போட்டு மனைவி பிரியதர்ஷினி பார்த்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே தங்கை, அன்பரசி. தருமபுரிக்குப் போய் விலங்கியல் படித்த பெண். படிப்பு முடிந்த கையோடு கதிரவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் சொந்தமாக ஜேசிபி வைத்து ஓட்டினான். கல்யாணத்தன்று பந்தியில் நின்று எல்லோரையும் விசாரித்துப் பரிமாறினான். மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் ஆடிக்கு வீட்டுக்கு வந்தபோது அன்பரசியின் உதடு கிழிந்திருந்தது. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றாள். அடுத்த முறை கை வீங்கியிருந்தது. அதற்கடுத்த முறை அவன் அறைந்த அறையில் இடது காதின் சவ்வு கிழிந்து, சீழ் வைத்து, அந்தக் காது கேட்காமலே போய்விட்டது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கதிரவன் கையைக் கட்டிக்கொண்டு, "இனிமே நடக்காதுங்க" என்றான். மாதவராஜ்தான் தங்கையைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவந்தார். ஒருமுறையல்ல, ஒவ்வொரு முறையும் அவரேதான்.

கடைசியாக ஒருநாள் கதிரவன் அவள் தலையைக் கதவிடுக்கில் பிடித்து வைத்துக் கதவைச் சாத்தினான். அவள் எப்படியோ நழுவி, வயல் குறுக்கே ஓடி மெயின் ரோட்டுக்கு வந்து, அண்ணன் வேலை பார்க்கும் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினாள். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தத்தில் ஒரு கண் மூடிக்கிடந்தது. மாதவராஜ் அவளை முன் சீட்டில் உட்காரவைத்து, தோளில் கிடந்த துண்டை அவள் தலையில் கட்டினார். தருமபுரி ஆஸ்பத்திரியில் தையல் போட்டதும் அவளை ஊருக்குக் கூட்டிப் போகவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்தார். கார்மெண்ட்ஸ் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் இருக்கிற இடம் மாதவராஜுக்கும் பிரியதர்ஷினிக்கும் மட்டும்தான் தெரியும்.

கதிரவன் தேடி வந்தான். கோபமாக வரவில்லை. மாதவராஜை பஸ் ஸ்டாண்டில் பிடித்து, "அன்பு எங்க மச்சான்?" என்று அமைதியாகக் கேட்டான்.

"ஓசூர்ல ஒரு கம்பெனில சேத்து வுட்டேன். ஆளை வுட்டுடு கதிரு."

சரி என்று தலையாட்டிவிட்டு, அங்கிருந்து நேராகத் தக்காளித் தோட்டத்துக்குப் போய்ப் பிரியதர்ஷினியிடமும் அதையே கேட்டான். கணவர் என்ன சொன்னார் என்பது தெரியாமல், "பெங்களூர்ல எங்க சித்தி வூட்ல இருக்குதுங்கண்ணா" என்றார் அவர். அதற்கும் தலையாட்டிவிட்டுப் போனான்.

சில நாள் கழித்து மாரண்டஹள்ளியில் பஸ் கிளம்பும் நேரம். மாதவராஜ் பின்படியில் தொங்கியபடி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கதிரவன் வந்து படிக்குக் கீழே நின்றான்.

"நீ ஓசூருங்கற. உம்பொண்டாட்டி பெங்களூருங்கறா. ரெண்டும் இல்லன்னா இந்த பஸ்ஸு போற ஊருதான?"

"எறங்கிப் பேசலாம் இரு. வண்டில ஜனங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு மாதவராஜ் ரோட்டுப் பக்கம் திரும்பி, வழக்கம்போல வாயை அகலத் திறந்து "தருமபுரி" என்றார். அந்தச் சொல் முடியவில்லை.

கதிரவன் கையில் கேழ்வரகு அறுக்கும் கருக்கருவாள் இருந்திருக்கிறது. கழுத்துக்குத்தான் வீசியிருக்கிறான். பஸ் அந்த நொடியில் நகர்ந்ததால் அரிவாளின் மூக்கு திறந்த வாய்க்குள் போனது. அவன் வெடுக்கென்று இழுத்தான். உதட்டின் ஓரம் கன்னம் வரை கிழிந்தது. முன்பல் இரண்டு பெயர்ந்தன. நாக்கு நுனியிலிருந்து நடு வரை நெடுக்காகப் பிளந்தது. மாதவராஜ் கத்தவில்லை, கத்த முடியவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையை விடாமல் அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்தார். டிக்கெட் பையின் மேல் ரத்தம் கொட்டியது. கதிரவன் மறுபடியும் ஓங்கியபோது டிரைவர் பெரியநாயகம் பஸ்ஸை நிறுத்தி வீல் ஸ்பேனரோடு சுற்றி வந்து அவன் முழங்கையில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் கடைசி சீட்டில் இருந்தவர்களுக்கும் கேட்டது. அரிவாள் கீழே விழுந்தது. கதிரவன் தொங்கிய கையோடு ஓடினான். சாயங்காலத்துக்குள் போலீஸ் அவனை ஒரு சோளக்காட்டில் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் மாதவராஜின் நாக்கைச் சேர்த்துத் தைத்தார்கள். இருமல் வந்து தையல் பிரிந்தது. மறுபடி தைத்தார்கள், புண்ணில் சீழ் வைத்து அதுவும் பிரிந்தது. பல வாரம் மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி. கடைசியில் புண் ஆறியபோது நாக்கின் முன்பாதி இரண்டு கிளையாகவே ஆறிப்போனது. சேலத்துக்குப் போனால் ஆபரேஷன் செய்து ஒட்டிவிடலாம் என்றார் டாக்டர். இன்னொரு முறை வாய்க்குள் கத்தியை விட மாதவராஜ் சம்மதிக்கவில்லை.

பேச்சு போய்விட்டது. அதாவது சத்தம் வந்தது, எழுத்துகள் வரவில்லை. லகரமும் ரகரமும் காற்றாகப் போயின. தருமபுரி என்று சொன்னால் "தம்முயி" என்பதுபோல ஏதோ கேட்டது. பிரியதர்ஷினிக்கு மட்டும் நாள்போக்கில் எல்லாம் புரிய ஆரம்பித்தது. பஸ் முதலாளி நல்லவர்தான். ஆனால் ஊர்ப் பெயர் சொல்ல முடியாத கண்டக்டரை வைத்து என்ன செய்வார்? வேறு பையனைப் போட்டுக்கொண்டார்.

ஊர் ஒரு பெயர் வைத்தது. முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேரே. ஒருநாள் டீக்கடையில் தெரிந்தவன் ஒருவன், "நாக்க நீட்டு பாம்பு, பாக்கலாம்" என்றான். நான்கு பேர் சிரித்தார்கள். மாதவராஜ் கையிலிருந்த சூடான டீயை அவன் முகத்தில் ஊற்றினார். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்ததும், காலி டம்ளராலேயே பின்மண்டையில் அடித்தார். டம்ளர் உடைந்து இருவருக்கும் ரத்தம் வந்தது. யாரையும் இடிக்காமல் நடந்த மனிதர் அப்படிச் செய்தது கடைக்காரருக்கு நம்ப முடியவில்லை. வீட்டுக்கு வந்து கையில் குத்தியிருந்த கண்ணாடியைப் பிரியதர்ஷினி எடுத்துக்கொண்டிருந்தபோது மாதவராஜ் அழுதார்.

அதன்பின் அவர் தோட்டத்தைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை.

மார்கழியில் ஒரு காலை. வெயில் அப்போதுதான் பாத்திகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை எடுக்கக் குனிந்தவர், கொஞ்ச தூரத்தில் ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கிடப்பதைப் பார்த்தார். மண்வெட்டி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை எடுப்பதற்குள் செடிக்கு அடியிலிருந்து ஒரு எலி ஓடிவந்தது. விரியன் அடித்த அடி கண்ணுக்கே தெரியவில்லை. எலி மட்டும் ஒரு முழம் மேலே எகிறி விழுந்தது. பாம்பு பிடித்துக்கொள்ளவில்லை. கடித்தவுடன் விட்டுவிட்டது. எலி தலைதெறிக்க ஓடி, குழாயைத் தாண்டி, வளைந்து நெளிந்து செடிகளுக்குள் மறைந்தது.

பாம்பு அசையாமல் கிடந்தது. ஏமாந்துவிட்டது என்றுதான் மாதவராஜ் நினைத்தார். பிறகு நாக்கு வெளியே வந்தது. மெல்ல நகர்ந்தது. எலி ஓடிய வழியில், அது திரும்பிய இடத்தில் எல்லாம் தானும் திரும்பி, நாக்கைத் தரையில் தொட்டுத் தொட்டு எடுத்தபடி அவசரமே இல்லாமல் போனது. குழாயருகே வந்ததும் நின்றது. நாக்கின் இரண்டு முனையும் அகல விரிந்து மண்ணைத் தொட்டன. உள்ளே போயின. மறுபடி வந்து தொட்டன. தலை இடதுபக்கம் திரும்பியது. அந்தப் பக்கம்தான் எலி போயிருந்தது. பாத்தியில் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பின் ஓரத்தில் அது செத்துக் கிடந்தது. பாம்பு அதைத் தலைப்பக்கமாக விழுங்கத் தொடங்கியது.

பக்கத்துத் தோட்டத்துக் குப்புராஜ் அப்போது வரப்பில் வந்தார். மாதவராஜ் வேண்டாம் என்று கையாட்டியதை அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பொருட்படுத்தவில்லை. வாய் நிறைய எலியோடு திரும்பிக் கடிக்க முடியாமல் கிடந்த பாம்பை மண்வெட்டியால் வெட்டினார். உடல் துள்ளியது. மறுபடி வெட்டினார். தலை தனியாக விழுந்தது, எலி பாதி வெளியே வந்து கிடந்தது.

"உன்ன கடிச்சிருந்தா என்னாவறது? ரெண்டு பேரும் ஒரே சாதின்னு வுட்டுருமா?" என்றார் குப்புராஜ். அவர் கேலியாகச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். ஆனாலும் சொல்லிவிட்டார்.

அவர் போனபின் மாதவராஜ் குனிந்து பார்த்தார். உடலே இல்லாத அந்தத் தலையில் இன்னமும் நாக்கு நீண்டு, பிரிந்து, உள்ளே போய்க்கொண்டிருந்தது. நாக்கு அசைவது நின்றபிறகும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு மத்தியானம் அன்பரசிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார். அண்ணனும் தங்கையும் இப்போது அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அவர் எழுதுவார், அவள் குரலில் பதில் அனுப்புவாள். 'பாம்புக்கு நாக்கு ஏன் ரெண்டா இருக்கு?' என்று கேட்டார். பார்த்ததையும் எழுதினார்.

கம்பெனியில் சாப்பாட்டு நேரம். பின்னால் பாத்திரச் சத்தத்தோடு அவள் குரல் வந்தது.

"அண்ணா, அது நாக்கால ருசி பாக்கறதில்ல. மோந்து பாக்குது. நாக்குல ஒட்டற வாசனைய உள்ள கொண்டு போயி மேலண்ணத்துல இருக்கற ரெண்டு குழிக்குத் தருது. நாக்கு ஒண்ணா இருந்தா வாசனை இருக்கா இல்லையான்னு மட்டுந்தான் தெரியும். ரெண்டா விரிச்சுத் தொட்டா எந்தப் பக்கம் அதிகம்னு தெரியுது. அதிகம் இருக்கற பக்கம் திரும்பிரும். ரெண்டும் சமமா இருந்தா நேரா போவும். உடும்புக்கும் அப்படித்தான். உங்களுக்கு எப்படிச் சொல்றது… எனக்கு ஒரு காது போனதுல இருந்து பின்னாடி ஹார்ன் அடிச்சா சத்தம் கேக்குது, எந்தப் பக்கம் வண்டி வருதுன்னு தெரிய மாட்டேங்குது. ரெண்டு காது இருந்தாத்தான் பக்கம் தெரியும். அது மாதிரி."

சற்று நேரம் கழித்து இன்னொன்று வந்தது. குரல் இறங்கியிருந்தது.

"கடிச்சதும் விடறது எதுக்குன்னா, புடிச்சு வெச்சிருந்தா எலி திருப்பிக் கடிச்சிரும். விட்டா அதுவா செத்துப் போவும். எங்க போனாலும் தேடிப் போயிக்கலாம். இவரும் அதே மாதிரிதான்ணா. அடிச்சிட்டு விட்டுருவாரு. நான் யார் வூட்லயாவது போயி ஒளிஞ்சிக்குவேன். கொஞ்சம் பொறுத்து வருவாரு. இந்த வூட்ல ஒரு வார்த்தை, அந்த வூட்ல ஒரு வார்த்தை கேப்பாரு. எது ஒத்துவரலன்னு பாத்து நேரா நான் இருக்கற எடத்துக்கு வந்துருவாரு. ஜாமீன்ல வந்து சும்மா இருக்காருன்னு நெனைக்காதீங்க."

ஆமாம், கதிரவன் அப்போது ஜாமீனில் வெளியே இருந்தான். ஸ்டேஷனில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டான். கை கூடிவிட்டது, ஜேசிபி ஓட்டினான். வழியில் மாதவராஜைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனான். திருந்திவிட்டான் என்று ஊரில் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

தை பிறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுதோறும் பிரியதர்ஷினி பஸ் ஏறி அன்பரசியைப் பார்க்கப் போவது வழக்கம். அன்றும் கேரியரில் களியும் கோழிக்குழம்பும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். தோட்டத்தில் தக்காளிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மாதவராஜுக்கு, அவர் இடத்தில் சேர்ந்த கண்டக்டர் முருகேஷ் போன் செய்தான்.

"அண்ணா, ஒரு விஷயங்க. உங்க மச்சான் போன வாரம் நம்ம வண்டில வந்து, அண்ணி எங்க எறங்குவாங்கன்னு கேட்டாரு. பழைய பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு அண்ணி எறங்கினதும் பின்னாடியே பைக்ல போறாரு. அதான் மனசு கேக்கல."

பிரியதர்ஷினிக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. அன்பரசிக்கு அடித்தார். அவளும் எடுக்கவில்லை. மாதவராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு தருமபுரிக்கு விரட்டினார்.

விடுதிச் சந்தில் நடந்தது இது. கதிரவன் அவசரப்படவில்லை. பிரியதர்ஷினியை முன்னால் போகவிட்டு, பைக்கை முனையில் நிறுத்திவிட்டு, ஒரு ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்றான். அண்ணியும் நாத்தனாரும் விடுதி வாசல் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெகுநேரம் பேசி, பாத்திரத்தைக் கழுவி எழுந்தபிறகுதான் வந்தான். அன்பரசியின் இடது பக்கமாக வந்தான். அந்தக் காதுக்குக் காலடி கேட்கவில்லை. பிரியதர்ஷினி பார்த்துக் கத்துவதற்குள் அவள் தலைமுடி அவன் கையில் இருந்தது. கறிவெட்டும் கத்தியை அவள் தோளில் இறக்கினான். மறுபடி ஓங்கியபோது பிரியதர்ஷினி கேரியரால் அவன் முகத்தில் அடித்தார். அவன் திரும்பி அவர்மேல் வீசினான். கத்தியை அவர் கையாலேயே பிடித்தார். விரல்கள் எலும்புவரை அறுந்தும் பிடியை விடவில்லை.

மாதவராஜ் சந்துக்குள் நுழைந்தது அப்போதுதான். பைக்கை ஓடிய வாக்கில் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். முதல் அடி கதிரவனின் காதில் விழுந்தது. அவன் சுவரில் மோதிச் சரிந்தான். கத்தி சாக்கடைப் பக்கம் போய் விழுந்தது. அத்தோடு முடிந்திருக்கலாம். மாதவராஜ் அவன் நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றி, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து அவன் வாயில் அடித்தார். பல் உடைந்து உள்ளே போனது. மறுபடி அடித்தார். தாடை ஒருபக்கம் விலகித் தொங்கியது. கதிரவன் கையைத் தூக்கிக் கும்பிட்டான். அந்தக் கைமேலும் அடித்தார்.

"அண்ணா, அண்ணா" என்று அன்பரசி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவருக்குக் கேட்டது. பிற்பாடு என்னிடம் அதைத்தான் திரும்பத் திரும்ப எழுதிக் காட்டினார், நன்றாகவே கேட்டது என்று. ஜெராக்ஸ் கடைக்காரரும் இன்னும் சிலரும் சேர்ந்து அவரைப் பிய்த்து எடுத்தார்கள்.

மூன்று பேரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், மாதவராஜைப் போலீஸ் ஜீப்பில். அன்பரசிக்குத் தோளில் நரம்பு அறுந்திருந்தது, இன்றும் அந்தக் கையை முழுதாகத் தூக்க முடியாது. பிரியதர்ஷினிக்கு இரண்டு விரல் மடங்காது. கதிரவன் பல நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தான். தாடையில் கம்பி போட்டார்கள். பஸ்ஸில் வெட்டியதற்கும் சந்தில் குத்தியதற்கும் சேர்த்து அவன் நீண்ட தண்டனை பெற்றான். அந்தத் தீர்ப்பில் யாருக்கும் வியப்பில்லை.

மாதவராஜ்மேல் போட்ட வழக்கு தனியாக நடந்தது. அவர் சில மாதம் ரிமாண்டில் இருந்துவிட்டு வந்திருந்தார். அன்பரசியும் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டதால் அவர் பேச்சு அவளுக்கும் புரியப் பழகியிருந்தது. வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார்: தங்கை உயிருக்கு ஆபத்து, காப்பாற்றத்தான் அடித்தேன், வேறு எதுவும் தெரியாது. இதை மட்டும் சொன்னால் போதும்.

நீதிபதி பொறுமையாகக் கேட்டார். "அவர் விழுந்துட்டார். கத்தியும் கையில இல்ல. அப்புறமும் ஏன் அடிச்சீங்க?"

மாதவராஜ் பதில் சொன்னார். வாக்குமூலம் எழுதுகிறவருக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பச் சொன்னார். அப்போதும் புரியவில்லை. எழுதித் தரச் சொன்னதற்கு, வாயால்தான் சொல்வேன் என்பதுபோல மறுத்துத் தலையாட்டினார். பின்னால் நின்றிருந்த அன்பரசியை முன்னே வரச்சொல்லி, அவர் சொல்வதை அப்படியே சொல்ல முடியுமா என்று நீதிபதி கேட்டார். வக்கீல் அவளைப் பார்த்த பார்வை, கோர்ட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என்ன சொல்லவேண்டும் என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் நல்ல காதை அண்ணன் பக்கம் திருப்பினாள். மூன்றாம் முறை அவர் சொல்லி முடித்தார்.

"கும்புட்டான் சார், நான் பாத்தேன்" என்றாள் அன்பரசி. "நிறுத்தணும்னு தோணல. அவன் வாய் என் வாய் மாதிரி ஆவணும்னு இருந்துச்சு. அப்படிங்கறாருங்க."

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். மாதவராஜுக்கும் தண்டனை கிடைத்தது, குறைவாக. வெளியே கொண்டுபோகும்போது பிரியதர்ஷினி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்து விட்டார்.

போன கோடையில் அவர் வெளியே வந்தார். இப்போது சின்ன வேன் ஒன்றில் ஓசூருக்குத் தக்காளி ஏற்றிப்போகிறார். அன்பரசி பக்கத்து ஊரில் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு அவர்களோடு இருக்கிறாள். ஏன் அப்படியே சொன்னாய், கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களே என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. அண்ணன் மட்டும் கேட்கவில்லை.